ஈரம் எத்தனை நேரம்? காஞ்சிபுரம் தறிவீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளையார்பாளையத்திலும் செவிலிமேட்டிலும் ஓரிக்கையிலும் அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி போட்டிருக்கும் வீடுகளில் கைக்குழந்தையோடு ராப்பகல் விழித்திருக்கும் தாய்மார்களுக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மாமியார், அம்மா, நாத்தனார்களுக்கும், தறியில் உட்காரும் அப்பாக்களுக்கும்:

குழந்தையின் தொடையிடுக்கு சிவந்துபோனால் வீட்டில் மூன்று காரணம் சொல்லப்படும். 'உடம்புச் சூடு' என்பது ஒன்று. 'பெத்தவ வாயைக் கட்டாம எதையோ தின்னுட்டா' என்பது இன்னொன்று. 'பல்லு முளைக்குது, அப்படித்தான் இருக்கும்' என்பது மூன்றாவது. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்த காலமெல்லாம் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இந்த மடல். தோல் வெந்துபோவதற்குக் காரணம் சூடும் இல்லை, தாய் சாப்பிட்ட கத்திரிக்காயும் இல்லை. ஈரமும் மலமும் அந்தத் தோல்மேல் எத்தனை நேரம் கிடந்தன என்பதுதான் காரணம். அந்த நேரத்தைக் குறைப்பது பெற்றவள் ஒருத்தியின் பொறுப்பு இல்லை. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

தோலுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. கிருமிகளை அண்டவிடாமல் அதைக் காப்பதில் அந்த அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஈரத்துணி ஒட்டியே கிடந்தால் தோலின் மேலடுக்கு தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போகும். அப்புறம் துணி உரசினாலும் சரி, டயப்பரின் எலாஸ்டிக் உரசினாலும் சரி, சீக்கிரமே சிராய்த்துவிடும். பாவில் ஈரம் ஏறினால் இழை அச்சில் உரசி அறுந்துபோகும் என்று மழை நாளில் நீங்களே தறியை நிறுத்தி வைக்கிறீர்கள். ஊறிய தோலும் அப்படித்தான், உரசல் தாங்காது.

இதோடு மலமும் சேர்ந்தால் கேடு பல மடங்கு. மலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்கும். 1921-இல் குக் என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கண்டு எழுதினார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள், அமோனியாதான் தோலைச் சுடுகிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள். 1980-களில் நடந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் திருத்தின. அமோனியா தனியாக நல்ல தோலைப் புண்ணாக்குவதில்லை. அது தோலின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அமிலம் குறைந்ததும், மலத்தோடு வெளிவரும் செரிமான நொதிகளுக்கு வேகம் வந்துவிடும். புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க வேண்டிய அந்த நொதிகள் தோலையே அரிக்கத் தொடங்கும். அதனால் சிறுநீர் மட்டும் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். மலம் என்றால் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. இரண்டும் கலந்து கிடப்பதுதான் மிக மோசம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்தப் புண் குறைவாக வருவதற்கும் காரணம் இதுவே. அவர்களுடைய மலம் தோலை அவ்வளவாக அரிப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பின் சோறு, பருப்பு, மற்ற பால் எல்லாம் ஆரம்பித்ததும் மலத்தின் தன்மை மாறும். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை இந்தப் புண் அதிகம் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல் முளைப்பதும் அதே சமயத்தில்தான். அதனால் பழி பல்லின்மேல் விழுகிறது. அடுத்த முறை சிவப்பு தெரிந்தால் 'நீ என்னத்தைத் தின்ன?' என்று பெற்றவளைக் கேட்காதீர்கள். 'கடைசியா எப்போ துணி மாத்தினது?' என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். பால் கொடுப்பவளைப் பத்தியம் என்ற பெயரில் ரசம் சோற்றோடு நிறுத்தினால் அவள் உடம்புதான் வற்றும். குழந்தையின் புண் ஆறாது.

இனி, எத்தனை தடவை மாற்ற வேண்டும் என்ற கேள்வி. பிறந்த குழந்தை ஓயாமல் நனைக்கும். பால் குடித்த கையோடு மலமும் போகும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தால் மலைக்காதீர்கள், அது இயல்பு. அப்புறம் மெல்லக் குறைந்து ஆறிலிருந்து எட்டு வரை வந்து நிற்கும். துணி கட்டுகிறவர்கள், நனைந்தது தெரிந்ததும் மாற்ற வேண்டும். துணி ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது, தோல்மேலேயே வைத்திருக்கும். டயப்பர் என்றால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போயிருந்தால், துணியோ டயப்பரோ, பகலோ இரவோ, அப்போதே மாற்ற வேண்டும். இரவில் குழந்தை நன்றாகத் தூங்கி, டயப்பரில் சிறுநீர் மட்டும் இருந்து, தோலில் சிவப்பும் இல்லை என்றால் எழுப்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே சிவந்திருந்தால் நடுவில் ஒருமுறை எழுந்து மாற்றுங்கள்.

டயப்பர் விலை கையைக் கடிக்கும் என்று தெரியும். 'இன்னும் நிறையலையே, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்' என்று ஒன்றையே எட்டு மணி நேரம் ஓட்டும் வீடுகள் உண்டு. பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருப்பது ஒழுகாமல் தாங்கும் நேரம். அதைக் குழந்தையின் தோல் தாங்கும் நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் ஜெல் சிறுநீரை இழுத்துக்கொள்வதால் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். மலத்தை அந்த ஜெல் இழுக்காது. ஒரு நாளைக்கு ஆறு டயப்பர் கட்டுப்படியாகாது என்றால், வீட்டில் இருக்கும் பகல் நேரத்துக்குப் பருத்தித் துணியும், இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் டயப்பரும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். துணி கட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நேரத்துக்கு மாற்றிய துணி, மாற்றாமல் விட்ட விலை உயர்ந்த டயப்பரைவிட எவ்வளவோ மேல். இன்னொரு லாபமும் உண்டு. பிறந்த ஒரு வாரத்துக்குப் பிறகு குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணி என்றால் இதை எளிதாக எண்ணிவிடலாம்.

தறிவீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த அறிவுரை எல்லாம் வீண். கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று ஊடை பிரிந்து போவதால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் குழந்தை பெற்றவளாகத்தான் இருப்பாள். அது இல்லாவிட்டால் நாடாவுக்கான ஊடை நூலைத் தாரில் சுற்றிக்கொண்டு இருப்பாள். குழந்தை தறிக்குப் பக்கத்திலேயே தூளியில் கிடக்கும். தறிச் சத்தத்தில் அது சிணுங்குவது காதில் விழாது. விழுந்தாலும், 'இந்தக் கரை முடியட்டும்' என்று கை நிற்காது. கெட்ட மனசு யாருக்கும் இல்லை. சேலையை நெய்து இறக்கினால்தான் கூலி வரும்.

அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். வேலையிலேயே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நாடாவில் தார் தீர்ந்து மாற்றும்போது எப்படியும் கை நிற்கும். அந்தச் சமயத்தில் ஒருவர் எழுந்து தூளிக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும். காய்ந்திருந்தால் திரும்பி வந்து உட்காரலாம். நனைந்திருந்தால், அன்றைக்கு யார் முறையோ அவர் மாற்றட்டும். அப்பாவின் முறையும் அதில் வர வேண்டும். பட்டு இழையில் கண்ணுக்குத் தெரியாத சிக்கலைப் பிரித்து முடிச்சுப் போடும் விரல்களுக்குக் கோவணத் துணி மாற்றத் தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். 2015-இல் அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. குழந்தைக்கு நாப்கினும் தாய்க்குக் கை கழுவும் திரவமும் ஒரே பெட்டகத்தில் வந்தது காரணத்தோடுதான்.

தூளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளி நல்லதுதான். ஆனால் அதில் குழந்தையின் உடம்பு வளைந்து, தொடைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நனைத்த ஈரம் புடவையின் அடியில் போய்த் தேங்கி, இடுப்பைச் சுற்றியே நிற்கும். கோவணத்தை மட்டும் மாற்றி நனைந்த புடவையிலேயே திரும்பப் போட்டால் மாற்றியும் பயன் இல்லை. தூளிக்கு இரண்டு புடவை வையுங்கள். பாலியெஸ்டர் புடவையில் தூளி கட்ட வேண்டாம், காற்று போகாது. ரப்பர் ஷீட் போட்டால் அதன்மேல் ஒரு பருத்தித் துணி மடித்துப் போடாமல் குழந்தையைக் கிடத்தாதீர்கள்.

மாற்றும் முறையைச் சொல்கிறேன். மலம் போயிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். பெண் குழந்தைக்கு முன்பக்கமிருந்து பின்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் சோப்பு வேண்டாம், குளிப்பாட்டும்போது போட்டால் போதும். வாசனையும் ஆல்கஹாலும் சேர்த்த ஈரத்தாளை சிவந்த தோலில் வைக்காதீர்கள். கழுவிய பின் தேய்க்கக் கூடாது. துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தொடை மடிப்பை விரலால் விரித்து உள்ளே இருக்கும் ஈரத்தையும் ஒற்றுங்கள். பிறகு ஐந்து பத்து நிமிடம் ஒன்றும் கட்டாமல் விடுங்கள். கடைசியாக, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள்.

நம் வீடுகளில் யாரும் கவனிக்காத ஓர் இடம் அரைஞாண் கயிறு. நனைந்தால் அந்தக் கறுப்புக் கயிறு மணிக்கணக்கில் காயாது. டயப்பரின் எலாஸ்டிக்கும் அதே இடத்தில்தான் வந்து அழுத்தும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தோலில், இடுப்பைச் சுற்றிக் கோடு போட்டது போல ஒரு சிவப்பு வரும். பல தாய்மார்கள் அதை டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வேறு கம்பெனி டயப்பர் வாங்குவார்கள், அதே இடம் மறுபடி சிவக்கும். கயிற்றைக் கழற்றச் சொல்லி உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. தளர்வாகக் கட்டுங்கள். டயப்பர் போடும்போது கயிற்றை எலாஸ்டிக்குக்கு மேலே தூக்கிவிடுங்கள். குளிப்பாட்டியதும் கயிற்றையும் ஒற்றிக் காயவையுங்கள். அழுக்கேறி விறைத்துப்போனால் புதுக் கயிறு மாற்றுங்கள்.

பாட்டிமார்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்துவந்ததில் பாதிக்கு மேல் இன்றைய மருத்துவம் சொல்வதுதான். துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டித் துணி, வெயிலில் காயப்போட்ட கோவணம், பாயில் அம்மணமாகக் கிடந்து கை கால் உதைக்கும் குழந்தை, எல்லாமே சரியானவை. காற்றுப் படவிடுவதைவிட நல்ல மருந்து இந்தப் புண்ணுக்கு இல்லை. டயப்பர் வந்ததும் முதலில் போனது காற்றாடக் கிடக்கும் அந்த நேரம்தான். அதைத் திரும்பக் கொடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை, நிழலில், பாயில் ஒரு துணி விரித்து விடுங்கள். ஆண் குழந்தையைத் திறந்து விடும் வீடு பெண் குழந்தையை எப்போதும் ஜட்டி போட்டு மூடியே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்று அவளுக்கும் அதே அளவு வேண்டும்.

சிலவற்றை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பவுடர் ஈரத்தை வாங்கும் என்று அப்பினால் அது மடிப்பில் திரண்டு உரசும். பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். கடலை மாவும் பயத்தமாவும் இடுக்கில் தங்கி ஊறும். ஈரம் காயட்டும் என்று சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டினால் மூச்சுக்கும் கேடு, நெருப்புக்கும் பக்கம். கொப்புளம் கண்டதும் அக்கி என்று முடிவுகட்டி எழுதப் போகாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துணி துவைப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மலத்தைத் தனியாக அலசி எடுத்துவிட்டுத்தான் துவைக்க வேண்டும். சலவைத்தூளோ சோடாவோ மிச்சம் இருந்தால் அதுவே தோலை அரிக்கும். நுரை முழுதும் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். கஞ்சி போட்ட வேட்டியைக் கிழித்துத் துணியாக்கினால் கஞ்சி முழுதும் போகும்படி முதலில் துவைத்துவிடுங்கள். வெயிலில் காயப்போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும் நாட்களில் துணியும் காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டாதீர்கள். வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இருபத்தைந்து முப்பது துணி கைவசம் இருந்தால் அடைமழையிலும் சமாளிக்கலாம். அதுவும் முடியாத நாளில் டயப்பருக்குச் செலவழியுங்கள், தப்பில்லை.

திருவிழாக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். வைகாசி கருட சேவைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும்போது ஒரு டயப்பர் போட்டு, மத்தியானம் வீடு திரும்பித்தான் கழற்றுகிறார்கள். பையில் இரண்டு டயப்பர், ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு துணி வையுங்கள். ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். காற்றுப் படும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். துத்தநாக ஆக்ஸைடு களிம்போ வெள்ளை வாஸ்லினோ தோல் தெரியாத அளவுக்குக் கனமாகப் பூசுங்கள். அது புண்ணை ஆற்றும் மருந்தைவிட, ஈரம் தோலைத் தொடாமல் தடுக்கும் மறைப்பு. அடுத்த முறை மாற்றும்போது மேலே பட்ட அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு அதன்மேலேயே பூசலாம். அடிவரை சுரண்டி எடுத்தால் ஆறும் தோலும் கூடவே வந்துவிடும்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்பு விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். 'பூசினா ஒரே நாள்ல போயிடும்' என்று கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். சிவப்பு உடனே மறையும், உண்மைதான். ஆனால் டயப்பரின் மூட்டத்துக்குள் ஸ்டீராய்டு பல மடங்கு உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கும். தோல் மெலிந்துபோகும். நாள்கணக்கில் பூசிய பச்சைக் குழந்தைகளுக்கு முகம் ஊதி, வளர்ச்சியே குன்றியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசே விதி கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த ட்யூபையும் வாங்கிப் பூசாதீர்கள்.

வெறும் ஈரப்புண் துணி உரசும் மேட்டுப் பகுதியில்தான் வரும். மடிப்புக்குள் பெரும்பாலும் இருக்காது. மடிப்பின் உள்ளேயே நல்ல ரத்தச் சிவப்பாக, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு பரவினால் அது பூஞ்சைத் தொற்று. மூன்று நாள் ஆறாத புண்ணில் இது சுலபமாகத் தொற்றும். குழந்தையோ பால் கொடுக்கும் தாயோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் இன்னும் சுலபம். இதற்கு வேறு மருந்து வேண்டும். மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தாலும், குழந்தைக்கு ஒரு மாதம் நிறையாவிட்டாலும், மூன்று நாளில் ஆறுமா என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் ஒரே சமயத்தில் புண் வந்து, கழிச்சலும் நிற்காவிட்டால் உடம்பில் துத்தநாகச் சத்து குறைந்திருக்கலாம். கழிச்சல் கண்ட குழந்தைக்குப் புண்ணைவிட முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல். கூடவே மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் விடாமல் கொடுங்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியரும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு தலைமை மருத்துவமனையும் இதற்காகத்தான் இருக்கின்றன. நடுராத்திரி சந்தேகம் வந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.

இந்த மடலைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பகலில் யார் யார் மாற்றுவது, ராத்திரி யார் எழுவது, துணி யார் அலசுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். தறிக்குப் பக்கத்துச் சுவரில் இதை எழுதி ஒட்டுங்கள்: மலம் என்றால் உடனே. துணி நனைந்தால் அப்போதே. பகலில் டயப்பர் மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது. தினமும் காற்று. மூன்று நாளில் ஆறாவிட்டால் மருத்துவர்.

உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற குழந்தைகள் வார்டு செவிலியர்